பாக்கெட்டு மேல ஆயா, மொட்டை மாடியிலயும் ஆயா

வாடா பேராண்டி, உக்காரு. உங்க பத்தாங்கிளாஸ் செட்டு குரூப்பா அது? யார் யார் என்ன ஆனீங்கன்னு ஆளுக்கு ஒரு சேதி போட்டிருக்கீங்களாமே, படி கேக்கறேன். எனக்குக் கண்ணுதான் மங்கல், காது கூராத்தான் இருக்குது.

ஒரகடத்துல ராத்திரி ஷிப்டுல போல்ட் முடுக்கறவன் 'ஆட்டோமொபைல் துறை வல்லுநர்'. போட்டுக்கட்டும், அவன் ஒழுங்கா முடுக்கலன்னா வண்டி ஒரு பக்கம் சக்கரம் ஒரு பக்கம் ஓடும். செய்யாறு ரோட்டுல மனை காட்டறவன் 'நில முதலீட்டு ஆலோசகர்'. ஏரிப் பக்கம் கல்லு நட்டுக்கினு திரிஞ்சானே, அவன்தானே? துபாய்க்காரன் ஊரைப் போட்டுட்டு வேலையை மட்டும் போடாம விட்டுட்டான். பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டறவன் ஒண்ணுமே போடலையா? போன் பண்ணி விசாரிடா, வேலை போயிருக்கும்.

பொம்பளப் புள்ளைங்க பாதிப் பேரு இருந்தாங்களே, அவங்க எங்க? 'வீட்லதான் சும்மா இருக்கேன்.' அடுத்தவ? அவளும் சும்மா. அதுக்குக் கீழ இருக்கறவளும் அதேதானா? விடியக்காலம் அஞ்சு மணிக்கு அடுப்பு மூட்டறதுக்கு ஒரு உத்தியோகப் பேரு இன்னும் யாரும் கண்டுபிடிக்கல போலிருக்கு. சரி, கீழ வா. 'நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி'ன்னு போட்டிருக்கறது யாரு? நீயா! எந்தக் கம்பெனிக்குடா? இன்னும் ஆரம்பிக்கலையா? பரவால்ல, அதிகாரி வந்து உக்காந்தாச்சு, கம்பெனி பின்னாடி பஸ்ல வரும்.

காஞ்சிபுரம் பச்சையப்பன் பள்ளிக்கூடத்துல படிச்ச ஒருத்தரு நகராட்சி ஆபீஸ்ல எழுத்தரா வேலை பாத்தாரு. அன்னிக்கு இந்த குரூப் இருந்து அதைப் போட்டிருந்தார்னா, ரெண்டு பேரு கட்டைவிரல் காட்டிட்டுப் போயிருப்பானுங்க. 1967ல அவரு முதலமைச்சர். அண்ணாவைத்தான் சொல்றேன். அதனால மூணாம் பெஞ்சுக்காரன் என்ன ஆனான்னு பாத்து நீ ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்காதே.

இப்ப உன் கம்பெனிக்கு வரேன். 'காஞ்சிபுரம் கோயில் இட்லி மிக்ஸ், எங்கள் குடும்பத்தின் 500 ஆண்டுப் பாரம்பரியம்.' அட்டை அச்சடிச்சுட்டியா? நல்லவேளை. வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கிற இட்லி மடப்பள்ளிச் சரக்குடா. மூங்கில் குடலையில மந்தாரை இலை போட்டு, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் சேத்த மாவை ஊத்தி, மணிக்கணக்கா ஆவியில வேக வெக்கிறது. குடலையும் இல்லாம, இலையும் இல்லாம, பாக்கெட்டைக் கிழிச்சுத் தண்ணி ஊத்தினா பெருமாள் வந்துடுவாரா? அதுவும் நம்ம குடும்பத்துப் பாரம்பரியம்! நம்ம வீட்டுல இட்லி தீபாவளிக்கு ஒரு தரம். மத்த நாளெல்லாம் கேழ்வரகுக் கூழு, களி, தொட்டுக்கக் கருவாடு. இதைப் பாக்கெட்டு மேல போட உனக்கு வெக்கமா இருக்குதுன்னு தெரியும். அதனாலதான் பெருமாளைத் தாத்தா ஆக்கிட்ட.

நம்ம வீட்டுச் சொத்து எதுன்னு நான் சொல்றேன். உங்க ஆயா போடற வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரல்ல ஒண்ணும் பாதியுமா இடிச்சு, உடைச்ச உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சத்தூள், கல்லுப்பு, கறிவேப்பிலை போட்டுப் பிசைஞ்சு ஒரு ராத்திரி மூடி வெப்பா. மறுநாள் முறத்துல பரப்பி மொட்டை மாடியில காய விடுவா. சாயங்காலம் அள்ளி, சட்டியில நிக்கிற சாத்துலயே திரும்பப் போடுவா. பகல்ல வெயிலு, ராத்திரியில சாறுன்னு நாலஞ்சு நாள் இந்தக் கூத்து நடக்கும். சாறு சுண்டினதும் கையில விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடிச்சு, முறத்தை ஆட்டினா கடகடன்னு உருளற வரைக்கும் மறுபடி காய்ச்சல். காக்கா ஓட்டணும், மேகம் கருத்தா ஓடிப் போய் அள்ளணும். கருவாட்டுக் குழம்புல அதைக் கிள்ளித் தாளிச்சா தெருமுனையில போறவன் நின்னு நம்ம வீட்டைப் பாப்பான். சென்னைக்குப் போன நம்ம ஊருக்காரன் ஒவ்வொருத்தனும் ஊருக்கு வந்துட்டுப் போறப்ப பையில எதை முதல்ல திணிக்கிறான்? விக்கிறதுன்னா அதை வில்லு.

ஆனா முதல்ல கணக்கைப் போடு. வெங்காயத்துல நூத்துக்கு எண்பது பங்குக்கு மேல தண்ணி. பத்து கிலோ வாங்கினா காஞ்சு நிக்கிறது ரெண்டு கிலோவுக்கும் கீழதான். மீதியைச் சூரியன் குடிச்சுட்டான், அவன்கிட்ட பில்லு கேக்க முடியாது. நீ வெங்காய வெலையை வெச்சு வடகத்துக்கு வெலை போட்டேன்னா ஒரு வருஷத்துல ஒரகடம் கம்பெனி பஸ்ல ஏறிடுவ. இன்னொண்ணு, சித்ரா பௌர்ணமிக்கு வரதர் நம்ம ஊருக்கு வராரு, நடவாவிக் கிணத்துல இறங்கற அன்னிக்குக் கூட்டம் அள்ளும், கடை போடறேன்னு சொன்ன. நல்ல யோசனைதான். அன்னிக்கு இந்த வருஷத்து வடகம் மாடியில பச்சையாக் கிடக்கும்டா. விக்கிறதுக்குப் போன வருஷமே போட்டு வெச்சிருக்கணும். ஈரம் துளி நின்னாலும் பூஞ்சை பூக்கும். வாங்கினவன் உன்னைத் திட்ட மாட்டான், படத்துல இருக்கிற உங்க ஆயாவைத் திட்டுவான்.

காயிதமும் பண்ணு. உணவுப் பாதுகாப்புக்காரங்ககிட்ட பதிஞ்சா 14 இலக்க நம்பர் குடுப்பாங்க, அதை அச்சடி. சேர்மானம், எடை, தயாரிச்ச தேதி, பச்சைப் புள்ளி எல்லாம் இருக்கணும். சிறுதொழில்ல உணவு பண்றவங்களுக்கு மத்திய அரசு 2020ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. அப்ப பேங்குக் கடனோட திட்டச் செலவுல 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம்னு சொன்னாங்க, இன்னும் இருக்குதான்னு விசாரி. மானியம்னதும் கண்ணு விரியுதே! கடன்கிற வார்த்தை காதுல விழலையா?

கேரளத்து வயநாட்டுல ஒரு கூலிக்காரர் மகன், முஸ்தபான்னு பேரு. ஆறாங்கிளாஸ்ல பெயிலு. அப்புறம் இஞ்சினீயரு படிச்சு வெளிநாட்டுலயும் வேலை பாத்துட்டு, 2005ல பெங்களூர்ல மளிகைக் கடை வெச்சிருந்த சொந்தக்காரப் பசங்களோட சேர்ந்து, 50 சதுர அடி இடத்துல இட்லி மாவு ஆட்டினாரு. ஐடி ஃப்ரெஷ்னு உங்க ஆளுங்க வாங்கறாங்களே, அது. கடைக்காரங்கிட்ட அவரு கொண்டு போய் வெச்சது மாவை. ஆயிரம் வருஷத்துக் கதையை இல்ல.

இன்னொண்ணு இதைவிட எனக்குப் பிடிச்சது. பம்பாய்ல 1959ல ஏழு பொம்பளைங்க 80 ரூபா கடன் வாங்கி, மொட்டை மாடியில அப்பளம் இட்டாங்க. லிஜ்ஜத். நாங்கள்லாம் சும்மா இருக்கோம்னு சொல்லியிருக்க வேண்டிய பொம்பளைங்கதான். இன்னிக்கு ஆயிரக்கணக்குல ஆளுங்க. அப்பளம் இடறவ ஒவ்வொருத்தியும் அங்க பங்காளி, லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் அவளுக்கும் சேந்துதான். ஆம்பளைங்களும் வேலையில இருக்கானுங்க. டிரைவரு, கணக்கருன்னு மாசச் சம்பளம், அவ்வளவுதான், பங்கு கிடையாது. இந்தக் கதையைக் கேட்டதுலேர்ந்து உங்க ஆயா என்னை ஒரு மாதிரி பாக்கறா.

அதனால கேக்கறேன். உன் அட்டையில உங்க ஆயா படம் போட்டிருக்கற, பொட்டு வெச்சுச் சிரிக்கிறா. மாடியில காக்கா ஓட்டறதும் அவதான். பணம் மட்டும் யாரு கணக்குல விழும்? 'குடும்பத்துக்குத்தானே தாத்தா'ன்னு இழுக்காதே. நம்ம ஊருக்குப் பேரு வந்ததே தாத்தாச்சாரியார் வெட்டின குளத்தாலதான். பெரிய மனுசன், ராஜாக்களுக்கு குரு, சஞ்சீவிராயர் கோயிலும் அவரு கட்டினதுன்னு சொல்றோம். கூடையில மண்ணு சுமந்தவ பேரைச் சொல்லு பாப்போம். முழிக்கிற இல்ல? நீ என்ன பண்ணுவ, எனக்கும் தெரியாது.

உத்திரமேரூர்க்காரங்க விவரமானவங்கடா. பராந்தகச் சோழன் காலத்துல, 919லயும் 921லயும் குடவோலைக்குச் சட்டம் எழுதிக் கல்லுல வெட்டி வெச்சாங்க. முன்னாடி வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிக்கக்கூடாது. அவன் மட்டுமில்ல, அவன் மகன், மருமகன், மாமனார், மச்சான் யாரும் நிக்கக்கூடாது. எழுதினவன் கட்டாயம் ஒரு மச்சான்கிட்ட ஏமாந்தவனா இருப்பான். உங்க குரூப்லயும் அதை ஒட்டி வைங்க. 2022 டிசம்பர்ல 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி'ன்னு அரசாங்கம் ஆரம்பிச்சதும், பழைய மாணவர்கள் நாங்க பெஞ்சு வாங்கித் தரோம்னு வசூல் பண்ணீங்க. பெஞ்சு எங்கடா? வசூல் பண்ணவன்தானே அந்த 'நில முதலீட்டு ஆலோசகர்'?

எதிர்க்கேள்வி வருது, தெரியுது. நீ ஆயாவுக்கு என்ன குடுத்த தாத்தான்னு கேக்கப் போற. நான் எந்த குரூப்லயும் நிறுவனர்னு போட்டுக்கலடா, அந்த ஒரு யோக்கியதை எனக்கு இருக்குது. நீ முதல்ல ஆயா வடகம் பிசையறப்ப பக்கத்துல உக்காந்து அவ கை அளவைத் தராசுல போட்டு எழுது. உப்பு ஒரு கை, வெந்தயம் அரைக் கைன்னா கிராமுல எவ்வளவுன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் கேட்டதில்ல. கேட்டா அவ சிரிப்பா, சிரிக்கட்டும், நீ எழுது. உங்க கிளாஸ்ல 'சும்மா' இருக்கறவங்கள்ல நம்ம ஊர்லயே நாலு பேரு இருக்காளுங்களே, அவங்களையும் கூப்பிடு. கூலிக்கா பங்குக்கான்னு கூப்பிடறப்பவே சொல்லிடு.

கணக்கு நம்பர் வேணுமா? நூறு நாள் வேலைக்குப் போனப்பவே உங்க ஆயா பேர்ல பேங்குல திறந்தாச்சு. பாஸ்புக்கு அரிசிப் பானைக்குப் பின்னாடி இருக்குது. எடுக்கறப்ப அவளைக் கேட்டுட்டு எடு, நான் காட்டிக் குடுத்தேன்னு மட்டும் சொல்லாதே.