சுங்கம் தவிர்த்த வேந்தே!

குலோத்துங்கா, உன் கலிங்க வெற்றியின் அருமையைத் திருப்போரூரில் எடுத்துச் சொல்வது கடினம். எங்கள் கந்தன் வானில் நின்று அசுரரோடு பொருத ஊர் இது. ஆண்டுதோறும் கந்த சஷ்டியில் சூரனின் தலையை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றாக வேலால் வீழ்த்துகிறோம். ஆனால் முடிவில் முருகன் என்ன செய்தான்? சூரனை மயிலும் சேவலுமாக்கித் தன்னோடு வைத்துக்கொண்டான். அந்த இளகிய மனம் பேரரசர்களுக்கு ஆகாது என்று அறிந்தவன் நீ.

உன் கொடைக்கு ஈடு ஏது? சுங்கத்தையே தவிர்த்தவன் என்று உலகம் உன்னைப் புகழ்கிறது. வணிகனிடம் வேண்டாம் என்று விட்ட நீ, கலிங்கத்து அனந்தவர்மன் இருமுறை திறை கட்டத் தவறியதும் காஞ்சியிலிருந்து படையையே அனுப்பினாய். 1110 வாக்கில் அந்தப் படை பாலாற்றைத் தாண்டி, கிருஷ்ணையையும் கோதாவரியையும் கடந்து போனது. நடத்திப் போன கருணாகரத் தொண்டைமான் வண்டை நகரத்தான். வண்டலூர்தான் அந்த வண்டை என்பாரும் உண்டு. அப்படியானால் இந்தப் புகழில் எங்கள் சீமைக்கும் பங்கு வருகிறது. வேண்டாம், முழுவதையும் நீயே வைத்துக்கொள்.

உறவுக்காக நீதி தவறாதவனும் நீதான். கீழைச் சாளுக்கியனுக்குப் பிறந்து, சோழர் வீட்டுப் பெண் அம்மங்கை பெற்ற உரிமையால் 1070இல் அரியணை ஏறினாய். அனந்தவர்மனும் சோழர் வீட்டுப் பெண் பெற்ற பிள்ளைதான். சோடகங்கன் என்று பெயரிலேயே சோழனைச் சுமந்தவன். அதற்காக அவன் குடிமக்களுக்கு நீ ஒரு சலுகையும் காட்டவில்லை.

உன் படை போன இடமெல்லாம் பக்தி பெருகியதைக் கலிங்கத்துப்பரணி விரிவாகவே சொல்கிறது. கலிங்க வீரன் வில்லின் நாணை மடித்து மார்பில் பூணூலாகப் போட்டுக்கொண்டு, கங்கையாட வந்து மாட்டிக்கொண்டேன் என்றான். தலைமயிரைப் பறித்துக்கொண்டு அமணன் என்றான் இன்னொருவன். யானை மணியைக் கையில் தாளமாக எடுத்துக்கொண்டு, நான் பாணன் என்று கும்பிட்டவனும் உண்டு. நேற்றுவரை உழவனாகவோ குயவனாகவோ இருந்திருப்பான். அரண்மனைத் திறைக்கணக்கில் அவன் பெயர் எங்கே இருந்தது? ஆனாலும் அந்தக் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை அவனுக்கு அளித்தாய்.

விருந்தோம்பலில் உன்னை மிஞ்ச ஆளில்லை. அதே பரணியில், முரசே உரல், யானைத் தந்தமே உலக்கை என்று பேய்கள் களத்திலேயே பிணக் கூழ் சமைத்தன. குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் பிள்ளைத்தாய்ச்சிப் பேய்க்கும் பார்த்துப் பார்த்துப் பரிமாறினவாம். அந்தக் கூழுக்கு உடம்பைத் தந்தவர்களுக்கும் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்திருப்பார்கள். அவர்கள் பசியைப் பாட அங்கே புலவர் யாரும் இல்லை.

திறை கட்டாதவன் என்ன ஆனான்? அவன் அரியணையிலேயே இருந்தான். உத்கலத்தையும் சேர்த்துக்கொண்டான். பூரியில் ஜகந்நாதருக்குப் பெருங்கோயில் எடுக்கத் தொடங்கினான். உன் காலத்துக்குப் பின்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆண்டான். அந்தப் போரால் கலிங்கத்து மண்ணில் ஒரு பிடிகூட உன் நாட்டோடு சேரவில்லை. யானைகளையும் குதிரைகளையும் பொன்னையும் மட்டும் உன் படை கொண்டு வந்தது. இத்தனை உயிருக்கு இவ்வளவே போதும் என்று நிறுத்திக்கொண்ட உன்னைப் பேராசைக்காரன் என்று யார் சொல்வார்?