தேயாத டயருக்கும் செலவா?

கேள்வி: ஏ-9 வீதியில் நாவுல தாண்டித் தம்புள்ளைக்குப் போகும் கெம்பர் வேன்களில் டயர் புதிதுபோலவே இருக்கிறது. மாற்றச் சொல்வது கடைக்காரரின் தந்திரமா?

பதில்: கெம்பர் வேன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கிழடாவதே அதிகம். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் சுமந்து மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால், வெயிலில் இரப்பர் வறண்டு பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழும். தன் வயதை டயர் பகிரங்கமாகவே சொல்லிவிடும்: பக்கத்தில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்தது. ஐந்து வயதுக்குப்பின் ஆண்டுதோறும் பரிசோதனை, பத்தானால் கட்டாய ஓய்வு என்பது பல உற்பத்தியாளர்களின் பரிந்துரை.

மலிவென்று சுமைக் குறியீடு குறைந்த கார் டயரை மாட்டுவது வெடிக்கக் காத்திருக்கும் சிக்கனம். டயர் விலைக்கும் ஒரு கதை உண்டு: 1876இல் ஹெனரத்கொடையில் இரப்பர் நட்ட இலங்கை, 2020இல் டொலரை மிச்சம்பிடிக்க டயர் இறக்குமதியையே கட்டுப்படுத்தியது. 2022இல் ரூபாயும் விழுந்தது. விலை ஏறாமல் என்ன செய்யும்? பழைய டயருக்குப் புதுப்பட்டி ஒட்டுவது லொறிக்காரருக்குக் கைகொடுக்கும். வயதுபோன டயரின் உடம்புக்கு அது உதவாது. உதிரிச் சக்கரத்துக்கும் வயதேறும் என்பதால் செலவுக் கணக்கை நான்கோடு நிறுத்தக் கூடாது.