ஆயிரம் கண், இரண்டு காது

கேள்வி: நானே மெட்டுப் போட்டுப் பாடி யூடியூபில் விடுகிறேன். விளம்பரம் செய்யலாம் என்றால் சிபிஎம், சிபிசி என்கிறார்கள். எதைப் பார்த்துக் காசு கட்டுவது?

பதில்: சிபிஎம் என்பது ஆயிரம் முறை விளம்பரம் காட்ட ஆகும் செலவு. சிபிசி, ஒருவர் தட்டினால் ஆகும் செலவு. ஒன்று கண்ணுக்கு விலை, மற்றது விரலுக்கு விலை. உங்களுக்கு வேண்டியது காது!

ஆயிரம் முறை காட்ட 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் தட்டினால் தலைக்குப் பத்து ரூபாய். அதில் இரண்டு பேர்தான் கடைசிவரை கேட்டார்கள் என்றால், ஒரு ரசிகரின் விலை 50 ரூபாய். அந்த ஐம்பதைக் குறைக்கத்தான் பாடுபட வேண்டும். சிபிஎம் மலிவு என்று யாராவது ஆசை காட்டினால் மயங்காதீர்கள்.

யூடியூபில் ஐந்து விநாடி கழித்துத் தள்ளிவிடக்கூடிய விளம்பரத்தில், அந்த ஐந்துக்குள் பல்லவி வந்துவிட வேண்டும். நீண்ட முன்னிசை கச்சேரிக்கு அழகு, இங்கே ஆகாது.

போட்ட காசு ராயல்டியாகத் திரும்பும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். பாட்டை ஸ்பாட்டிஃபை இசைச் செயலியில் ஏற்றினாலும், அங்கே 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குக் காசே கிடையாது. ஆகவே முதலில் 500 ரூபாய்க்கு, ஒரே பாட்டை இரண்டு விதமாக வெட்டி ஓட விடுங்கள். எது ரசிகரைக் குறைந்த செலவில் கூட்டி வருகிறதோ, மீதிப் பணம் அதற்கே.