பெருசா வாங்கு, மருமவனே

நீ வாட்ஸ்அப்புல அனுப்புன பட்டியல உங்க அத்தை வாசிச்சுக் காட்டுனா. 12 இஞ்சு தொடுதிரை, ரேடாரு, ஏஐஎஸ்ஸு, காத்தளக்கிற கருவி, தானா சுக்கான் பிடிக்கிற பெட்டி. 36 அடிப் பாய்ப்படகுக்கு இம்புட்டுத்தானா? சப்புனு இருக்கே. 16 இஞ்சாப் பாரு. முன்னால கடலே தெரியாத அளவுக்குத் திரை இருந்தாத்தான் கடலப் பாத்து பயம் வராது.

தூத்துக்குடில இருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டுன தண்டல் நான். காம்பஸும் ஈயக்குண்டும் வச்சு ஓட்டுனவன் பேச்ச நீ கேக்கணும்னு ஒண்ணும் இல்ல. சும்மா பொழுதுபோகாமச் சொல்லுதேன்.

பிரிஸ்பேன்ல இருந்து வடக்க, பவளப்பாரு பக்கமாப் போகப்போறேன்னு சொன்னியே. அந்தப் பாருலதான் 1770 ஜூன் மாசம், நல்ல நிலா வெளிச்சத்துல, குக் துரையோட எண்டெவர் கப்பல் ஏறி உக்காந்துச்சு. ஈயக்குண்டு போட்டவன் 17 பாகம்னு சொல்லியிருக்கான், அடுத்த வீச்சு போடுறதுக்குள்ள தட்டிருச்சு. பாவம், அவருக்குத் திரை கிடையாது. ஒத்துக்கிடுதேன்.

திரை இருந்தவன் கதையும் ஒண்ணு இருக்குல்லா. 2014 நவம்பர் 29, வால்வோ ஓஷன் ரேஸ். உலகத்துலயே கெட்டிக்காரப் பயலுவ 9 பேரு, வெஸ்டாஸ் விண்டுங்கிற 65 அடிப் படகுல கேப்டவுன்ல இருந்து அபுதாபிக்குப் போறானுவ. கருவிக்கு என்ன குறைச்சல்? மொரீஷியசுக்கு வடகிழக்க கார்கடோஸ் கராஜோஸ்னு ஒரு பெரிய பாரு. இருட்டுக்குள்ள 19 நாட் வேகத்துல நேரா அதுமேல ஏத்திட்டானுவ. சார்ட்ட சுருக்கி வச்சுப் பாத்தா அங்கன 40 மீட்டர் ஆழம்னு காட்டியிருக்கு. பெருசாக்கிப் பாத்தாத்தான் பாரு தெரியும். பெருசாக்கல. சுக்கான் ரெண்டும் போச்சு. உசுரு ஒண்ணும் போகல, மாதா புண்ணியம். 16 இஞ்சு திரைன்னாலும் பெருசாக்குறதுக்கு ஒரு விரல் வேணும் பாத்துக்கிடு. விரலு கடையில கிடைக்குமான்னு விசாரி.

பட்டியல்ல ஒயருக்கு ஒரு வரிகூட இல்லியே, ஏன்? பலகைக்குள்ள ஓடுறத விருந்தாளிக்குக் காட்ட முடியாது, அதானே. உன் படகுல கிடக்க பழைய கருவியெல்லாம் என்எம்இஏ 0183 பேசும். நீ வாங்குறது என்எம்இஏ 2000. ரெண்டும் முறைச்சுக்கிட்ட சம்பந்திங்க மாதிரி, நடுவுல ஒருத்தன் உக்காந்து இவன் சொன்னத அவனுக்குச் சொல்லணும். அந்த மாத்துப்பெட்டிக்கும் காசு எடுத்து வையி. புது ஒயரோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் அடைப்பான் ஒண்ணொண்ணு இருக்கணும், மீட்டர் வச்சா 60 காட்டணும். காட்டலேன்னா எந்தக் கருவி எப்ப ஊமையாகும்னு மாதாவுக்கே தெரியாது. தகரம் பூசாத செம்பு ஒயரு மலிவாக் கிடைக்கும், தாராளமா வாங்கு. உப்புக்காத்துல பச்ச பூத்து அழகா இருக்கும்.

புதுத் திரைய காம்பஸுக்கு ஒட்டி மாட்டு, ஸ்பீக்கரையும் பக்கத்துலயே வையி. காந்தத்தக் கண்டா முள்ளு கொஞ்சம் திரும்பிப் பாக்கும், அதுக்கும் பொழுது போகணும்லா. ஆழம் காட்டுற கருவி எங்கேருந்து அளக்குதுன்னும் கேக்காத. படகு அடியில அது இருக்க இடத்துல இருந்து அளக்கும். ஏரா அதுக்குக் கீழ எம்புட்டு தொங்குதுன்னு கழிச்சு உள்ள எழுதுனாத்தான் சரியாச் சொல்லும். எழுதாட்டி, திரையில தண்ணி இருக்கும்போதே ஏரா மண்ணுல நிக்கும்.

டீசல் செலவு வேண்டாம்னுதான பாய்ப்படகு வாங்குன? இப்ப ராத்திரி முழுக்க சுக்கான் பெட்டிக்கும் ரேடாருக்கும் கரண்டு ஊட்டிட்டு, விடியக்காலம் எஞ்சினப் போட்டு பேட்டரிய நெரப்பு. கரையில நிக்கவன் பாய் அலங்காரத்துக்குன்னு நெனச்சுக்கிடுவான்.

ஏஐஎஸ் மட்டும் வாங்கு. இது நையாண்டி இல்ல. ஆனா அதுலயும் நீ கேக்க மட்டும் செய்யுற மலிவுப் பெட்டியப் போட்டிருக்க. சரக்குக் கப்பல் எங்க வருதுன்னு உனக்குத் தெரியும், நீ கிடக்கது அவனுக்குத் தெரியாண்டாமா? கிளாஸ் பி டிரான்ஸ்பாண்டர் போட்டா ஓட்டத்துல 30 செகண்டுக்கு ஒருக்கா உன் இடத்தச் சொல்லிக்கிட்டே இருக்கும். தூண்டில் போட வந்த சின்னப் படகுக்காரன்கிட்ட அதுவும் இருக்காது. அவன மட்டும் தலைய நிமித்திப் பாரு.

நம்ம நேவியில இருந்த அபிலாஷ் டோமி கோல்டன் குளோப் போட்டியில ஜிபிஎஸ் பாக்காம, செக்ஸ்டண்ட் பிடிச்சே உலகத்தச் சுத்தி 2023 ஏப்ரல்ல ரெண்டாவதா வந்தாரு. உன்ன அப்பிடி ஆகச் சொல்லல. சூரியன் எந்தப் பக்கம் விழுதுன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்.

ஊருக்கு வாரப்ப சாட்டிலைட் போன மட்டும் பையில போட்டுட்டு வந்துறாத. அனுமதி இல்லாம வச்சிருந்தா ஏர்ப்போர்ட்டுலயே உக்கார வச்சிருவான். அப்புறம், கழட்டுற பழைய ஜிபிஎஸ் பெட்டி. 5 இஞ்சு, ஓரத்துல ஒரு கீறல், வேற குறை இல்லேன்னு நீதான் சொன்ன. அத ஸ்பேரா வச்சுக்கன்னு எவனாவது சொன்னா நம்பாத, எடத்த அடைக்கும். உங்க அத்தை அண்ணன் மவன் பைபர் படகுக்கு வேணும்னு ரொம்ப நாளாக் கேக்கான். ஒயரோட, பியூஸோட கழட்டி அனுப்பு. ஆஸ்திரேலியா மேப்ப நீயே வச்சுக்க.