பிரிக்காமல் படிக்க வேண்டிய புத்தகம்

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் ஆங்கிலத்தில் எழுதிய எம்.ஜி.ஆர். ஆய்வு, ‘பிம்பச் சிறை’ என்று தமிழிலும் வந்துவிட்டது. 1977-இல் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய அருப்புக்கோட்டையில் அதைப் படிக்க ஒரு சிறப்பான முறை உண்டு: பிரிக்கக் கூடாது. பிரித்தால் நடுநிலை கெட்டுவிடும்.

விவரம் தெரியாத சிலர் பிரித்துவிடுகிறார்கள். சாராய வருமானம் கஜானாவை நிரப்பியது, வரிச்சுமை ஏழை தலையில் விழுந்தது என்றெல்லாம் அதில் இருக்கிறதாம். டீக்கடைப் பெஞ்சு இதற்கெல்லாம் அசராது. திரையில் பெரும்பாலும் குடியைத் தொடாத மனிதர், அத்தனையையும் மிச்சம்பிடித்து 1983-இல் டாஸ்மாக் தொடங்கி ஜனங்களுக்கே கொடுத்துவிட்டார். வள்ளல் என்றால் வேறென்ன?

குடும்பமா? அண்ணன் சக்கரபாணி நடிகர், மனைவி ஜானகி நடிகை. 1988 ஜனவரியில் ஜானகி 24 நாள் முதல்வராக இருந்தார். வாரிசு அரசியல் என்பது விஷமம். கதாநாயகன் இல்லாத ரீலில் கதாநாயகி வராமல் கேமராமேனா வந்து நிற்பார்?

திருச்சுழிப் பக்கம் குண்டாற்றில் பெரும்பாலும் மணல்தான் கிடக்கிறது. மானாவாரிக் காட்டில் சீமைக்கருவேலம் செழிக்கிறது. அதற்கும் எம்.ஜி.ஆரைக் குறை சொல்ல வழியில்லை. 1964-லேயே ‘படகோட்டி’யில் படகு ஓட்டிக் காட்டிவிட்டார். தண்ணீர் விடுவது அப்போது பொதுப்பணித்துறை வேலை.

புத்தகத்தை முழுசாகப் படித்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்தான். கடைசிப் பக்கம் வரை சிவப்புப் பேனாவில் அடிக்கோடு. முடித்த கையோடு அட்டையைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்தார். தலைவர் படம் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கிடைக்கவில்லையாம். உள்பக்கங்கள் காரச்சேவுக் கடைக்குப் போயின.