பங்க் பில்லில் வராத கணக்கு

கேள்வி: வருஷத்தில் ஒரு நாள் வெடிக்கும் பட்டாசுக்கு இத்தனை கெடுபிடி. வருஷம் முழுக்கப் புகை கக்கும் வண்டிகளை யாருமே கேட்பதில்லையே?
– வாசகர், திருத்தங்கல்

பதில்: உச்ச நீதிமன்றமே கேட்டதே! வாகனங்கள் பட்டாசைவிட அதிகம் மாசுபடுத்தும்போது பட்டாசை மட்டும் ஏன் துரத்துகிறீர்கள் என்று 2019 மார்ச்சில் கேட்ட நீதிபதிகள், இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்லும்படி மத்திய அரசிடம் கூறினார்கள். பட்டாசு சத்தம் போட்டு மாட்டிக்கொள்கிறது; டீசல் நைசாகத் தப்பிவிடுகிறது. அதற்காகப் பட்டாசுப் புகை பன்னீராகிவிடாது. இரண்டும் போவது ஒரே நுரையீரலுக்குத்தான்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கரியமில வாயு. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. பங்க் பில்லில் இந்தக் கணக்கு வராது. ஆஸ்பத்திரி தனி பில் போடும். நம் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. வளைகுடாவில் சண்டை மூண்டால் லாரி வாடகை ஏறும். விருதுநகர் மார்க்கெட்டிலிருந்து கிளம்பும் பருப்பு மூட்டையின் விலையும் கூடவே ஏறும். வண்டியே இல்லாதவர்கூட சாம்பார் வழியாக டீசலுக்குக் காசு கட்டுகிறார்.

கேள்வி: அப்போ என்னதான் வழி?
– அதே வாசகர்

பதில்: தலைக்கு மேலேயே காய்கிறது! பக்கத்து மாவட்டத்தில், கமுதியில், 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லேயே வந்துவிட்டது. எண்ணெய்க்குக் கப்பல் வேண்டும். நம் கந்தக பூமி வெயிலுக்கு இறக்குமதி வரி கிடையாது. ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம், ஊருக்கு மின்சாரப் பேருந்து வேண்டும் என்று சத்தமாகவே கேளுங்கள். சத்தம் போடச் சிவகாசிக்காரர்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?