பொய்யீயின் தர்மசாஸ்திரம்

உலகத்தில் பொய் சொல்லுகிறவர்கள் பலர் உண்டு. ஆயினும், இன்ன பருவத்தில் இன்ன பொய்யைத்தான் சொல்லவேண்டும், நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நின்றுதான் சொல்லவேண்டும், அதுவும் நீர்மட்டத்தின்மேல் சொன்னால் புண்ணியம், ஒரு சாண் கீழே சொன்னால் பாவம் என்றெல்லாம் விதி வகுத்துக்கொண்டு, அவ்விதியை மீறினவனைச் சபை கூட்டி விசாரிக்கிற பொய்யர்கள், நான் அறிந்தமட்டில், ஈத்தூண்டில் போடுகிறவர்கள் மட்டுமே.

மண்புழுவைக் கோத்துக் குளத்தங்கரையில் உட்காரும் பையன் மீனுக்கு ஒரு மெய்யான புழுவையாவது காட்டுகிறான். ஈத்தூண்டில்காரரோ இறகும் மயிரும் பட்டுநூலும் சுற்றிய வெறும் முள்ளைப் பூச்சியென்று காட்டுகிறார். அந்தப் பொய்யீக்கு எடையே கிடையாதாகையால் அதை எறியவும் முடியாது; கனத்த நூலைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, அந்த நூலின் வேகத்தில் பொய்யீயும் ஒட்டிக்கொண்டு போய் விழும்படி செய்யவேண்டும். வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் பொய்க்கும் ஓரிடம் ஒதுக்கியிருக்கிறார். அவ்விடத்தில் மீனுக்குச் சொல்லும் பொய்யும் அடங்குமா என்பதைப் பரிமேலழகர் விளக்காமல் விட்டது இத்துறைக்குப் பெருநஷ்டம்.

அந்தக் குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, சென்ற ஓராண்டுக் காலம், பனிக்காலத்தில் மேசையருகேயும் மற்றக் காலங்களில் ஹாம்ப்ஷயர் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லைவரையுள்ள ஆற்றங்கரைகளிலும் இக்கட்டுரையாசிரியன் செய்த விசாரணையின் பயனே பின்வருவது. இக்காலத்தில் எத்தனை மீன் அகப்பட்டது என்று கேட்பவர்களுக்கு விடை இது: ஆய்வின் பொருள் பொய், மீன் அன்று. ஆதலால் அக்கணக்கு இங்கே அப்பிரஸ்துதம்.

முதலில் மூலப் பிரமாணம். கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்து, ரோமானியராயிருந்தும் கிரேக்கத்தில் நூலெழுதிய ஈலியன், மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்னும் ஆற்றில் புள்ளி போட்ட மீன்கள் நீர்மேல் மிதக்கும் ஒருவகைப் பூச்சியைத் தின்பதாகவும், அப்பூச்சியை மனிதர் தொட்டால் நிறம் மங்கிச் சிறகும் வாடி இரைக்கு உதவாமற் போய்விடுவதாகவும், அதனால் செம்படவர்கள் முள்ளில் சிவந்த கம்பளி நூலைச் சுற்றிச் சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் இறகு இரண்டைப் பொருத்தி எறிவதாகவும் எழுதிவைத்திருக்கிறார். கைபட்டால் மெய் வாடுகிறது, பொய் வாடுவதில்லை என்ற இந்த ஒரே காரணத்தால்தான் இத்தனை பெரிய சாஸ்திரமும் பிறந்ததென்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1496-இல் இங்கிலாந்தில் அச்சேறிய தூண்டில் நூலொன்றில் பன்னிரண்டு பொய்யீக்கள் மாதவாரியாக விதிக்கப்பட்டிருக்கின்றன. அதை இயற்றியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னியாஸ்திரி மடத்துத் தலைவி என்று ஒரு கர்ணபரம்பரை உண்டு. கர்ணபரம்பரைக்கு ஆதாரம் போதாது என்று பண்டிதர்கள் தள்ளுகிறார்கள், நான் தள்ளமாட்டேன். பிறர் வேலியை முறிக்காதே, திறந்த படலைச் சாத்திவிட்டுப் போ, பேராசைப்பட்டு மீன் வாராதே என்று அறம் போதிக்கும் அதே நூல், மீனை ஏமாற்றுவதற்குப் பன்னிரண்டு வழியும் சொல்லுகிறதென்றால், அதை எழுதியது மடத்தில் பயின்ற கையாகத்தான் இருக்கவேண்டும்.

இனிப் பனிக்காலத்து மேசை. டிசம்பரில் சாயங்காலம் நான்கு மணிக்கே இருட்டிவிடும் அந்தத் தேசத்தில், வைஸ் என்னும் இடுக்கியின் வாயில் முள்ளைச் செருகி, விளக்கைத் தாழ்த்திவைத்துக்கொண்டு உட்காருவதைத் தவிர ஆராய்ச்சியாளனுக்கு வேறு புகல் இல்லை. முள்ளின் அளவுகளில் எண் ஏற ஏற உருவம் சிறுக்கும். பதினெட்டாம் எண் முள் நெல்மணியைவிடச் சிறியது. மேசைமேல் பரப்பிய சாமான்களில் முயற்காதின் மயிர் உண்டு, மெழுகு தடவிய பட்டுநூல் உண்டு; ஆனால் பிரதானமானவை இரண்டு பறவைகளின் இறகே. சேவற்கழுத்தின் விறைத்த இறகு முள்ளைச் சுற்றி நாற்புறமும் மீசைபோல நின்று பொய்யீயை நீர்மேல் தாங்கும். மயிற்பீலியின் இழையோ உடம்பில் சுற்றினால் வண்டின் முதுகுபோலப் பச்சையும் செம்புமாக மின்னும்.

சேவலும் மயிலும் என்ற மாத்திரத்திலேயே தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒன்று கந்தவேளின் கொடி, மற்றொன்று ஊர்தி. மாயையின் வயிற்றில் பிறந்த சூரபன்மன் கடல் நடுவே மாமரமாய் நின்று ஏய்க்கப் பார்த்ததும், வேலால் பிளவுண்டு ஒரு கூறு சேவலாகவும் மறு கூறு மயிலாகவும் ஆனதும் நாம் அறிந்தவை. நீருக்குள் நின்று மாயம் செய்தவனுடைய இரண்டு கூறுகளையும் சேர்த்துக் கட்டி மறுபடியும் நீரிலேயே விட்டு மாயம் செய்கிற இத்தொழிலுக்கு இதைவிடத் தொன்மையான வமிசாவளியை எந்த ஐரோப்பிய ஆசிரியராலும் காட்ட முடியாது. அவர்கள் முயலவும் இல்லை.

இவ்விரண்டு பறவையும் இல்லாமலே கட்டப்படும் பொய்யீயும் ஒன்று உண்டு. நேர்மையான பொய் என்று நான் கருதுவது அதைத்தான். வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றுக்குக் காவலராயிருந்த ஃப்ராங்க் சாயர் கண்ட அந்த வகைக்கு நூலே வேண்டாம். மயிர்போல் மெல்லிய செம்புக்கம்பியை முள்ளின்மேல் ஓட்டி, மார்பு வருமிடத்தில் சற்றே திரட்டிக்கொள்ள வேண்டியது. ஃபெசன்ட் சேவலின் வால் இறகிலிருந்து நான்கு இழைகளை எடுத்து, நுனிகள் வாலாக வெளியே நீளும்படி கம்பியாலேயே கட்டி, இழைகளையும் கம்பியையும் ஒன்றாக முறுக்கித் தலைவரை சுற்ற வேண்டியது. மிச்ச இழையை மார்பின்மேல் முன்னும் பின்னும் மடித்துச் சிறகுறை ஆக்க வேண்டியது. அவ்வளவுதான். கால் வைப்பதில்லை. ஏன் என்றால், நீருக்கடியில் வாழும் அந்த இளம்பூச்சி நீந்தும்போது கால்களை உடம்போடு ஒட்டிக்கொள்ளுகிறதென்பதை அவர் கரையில் குனிந்திருந்து பார்த்து வைத்திருந்தார். மற்றவர்கள் கட்டுகிற பொய்யீக்கு ஆறு கால் உண்டா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்த உலகத்தில், கால் இல்லாமையே மெய்க்கு அருகில் என்று கண்டவர் அவர் ஒருவர்.

நீருக்கடியில் என்றோமல்லவா? அங்கேதான் மதபேதம் பிறக்கிறது. வசந்தகாலத்தில் இச்சன் ஆற்றங்கரைக்குப் போனவன் இந்த வழக்கைத் தீர விசாரியாமல் திரும்ப முடியாது. சுண்ணப்பாறை மழையைக் குடித்து வைத்திருந்து மெல்லக் கசியவிடுவதால் கோடையிலும் குளிர்ந்து, மாரியிலும் கலங்காமல், அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் வரி தெரிய ஓடுகிற ஆறு அது. அத்தகைய நீரில் மேலே மிதக்கும் பொய்யீயை, மேலே வந்து பூச்சி தின்னும் மீனை முதலில் கண்டுகொண்டு, அதற்கு நீரோட்டத்தின் கீழ்ப்புறம் நின்று ஓட்டத்துக்கு எதிர்முகமாக எறிவதே தர்மம் என்று 1886-இலும் 1889-இலும் நூல் இயற்றி ஸ்தாபித்தவர் ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்ட். லண்டன் வக்கீலாகிய ஜி.இ.எம். ஸ்கியூஸ் இதற்கு எதிர்வாதியாகத் தோன்றினார். அவர் செய்தது வக்கீலுக்கு உரிய காரியமே: சாட்சியை விசாரித்தார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைத் தோண்டுகிற நீண்ட ஒடுக்கமான கரண்டியைப் பிடிபட்ட மீனின் தொண்டை வழியாக உள்ளே விட்டு, வயிற்றிலிருந்ததை எடுத்து வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பரப்பிப் பார்த்தார். சிறகு முளைத்த பூச்சி கொஞ்சம். நீருக்கடியில் வாழும் சிறகில்லாத இளம்பூச்சியோ ஏராளம். மீன் சாப்பிடும் இடத்தில் பொய் சொன்னால் என்ன என்பது அவர் கட்சி. 1910-இல் அதையும் நூலாக வெளியிட்டார்.

வடகலைக்கும் தென்கலைக்கும் திருமண்ணின் அடிப்பகுதியைப் பற்றி எழுந்த வழக்கை அறிந்த நமக்கு, அரை அடி ஆழத்தைப் பற்றி எழுந்த இவ்வழக்கின் உக்கிரம் விளங்காமற் போகாது. ஹால்ஃபோர்ட் 1914-இலேயே காலமாகிவிட்டார். அவருடைய சிஷ்யகோடி காலமாகவில்லை. 1938 பிப்ரவரியில் லண்டனில் ஈத்தூண்டில்காரர்களின் சங்கத்தில் இதைப் பற்றிப் பகிரங்க விவாதம் நடந்தது. எண்பதை எட்டிக்கொண்டிருந்த கிழவர் ஸ்கியூஸைக் குற்றவாளிபோல நிறுத்திவைத்துப் பெரிய மனிதர்கள் பேசினார்கள். அதற்குப்பின் அவர், இச்சனில் பல்லாண்டு பழகிய அபட்ஸ் பார்ட்டன் துறையை விட்டு, நேடர் ஆற்றுக்குப் போய்விட்டார். இருபக்க வாதங்களையும் இச்சன் ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்து சீர்தூக்கிய என் தீர்ப்பு, ஸ்கியூஸ் பக்கமே. பொய் என்று ஒப்புக்கொண்ட பிறகு அதற்கு ஆழம் பார்ப்பது, கடன் வாங்கினதைத் திருப்பித் தராதவன் நல்ல நேரம் பார்த்து வாங்கினேன் என்பதைப்போலத்தான்.

மே மாதக் கடைசியில் டெஸ்ட் ஆற்றில் மேஃபிளை கிளம்புகிறது. இரண்டு ஆண்டு சேற்றுக்குள் வாழ்ந்த பூச்சி, ஒரு நாள் மேலே வந்து தோலுரித்துச் சிறகு பெற்று, சிறகு பெற்ற பின்னும் இன்னொரு முறை தோலுரித்து, உண்ணுவதற்கு வாயே இல்லாத உடம்போடு கூடிக் குலாவி முட்டையிட்டுச் செத்து மிதக்கிறது. அது கிளம்பும் பதினைந்து நாளை மூடர்களின் பக்ஷம் என்று அவ்வூரார் வழங்குகிறார்கள். எந்த மூடன் எப்படி எறிந்தாலும் மீன் கடிக்குமாம். இந்தக் கூற்றை நான் முழுதும் ஒப்புவதற்கில்லை; இதற்கு மேல் விவரம் வேண்டாம். அகப்பட்ட மீனைக் கொக்கியிலிருந்து கழற்றி மறுபடியும் ஆற்றிலே விட்டுவிடுவது இக்காலத்து ஆசாரமாகையால், பொய் சொல்லி, நம்பவைத்து, பிறகு மன்னிப்புக் கேட்டு அனுப்புவதென்று இத்தொழிலின் இலக்கணம் ஒருபடி விரிந்திருக்கிறது.

ஸ்டாஃபர்ட்ஷயரில் டவ் ஆற்றங்கரையில் சார்ல்ஸ் காட்டன் 1674-இல் கட்டிய தூண்டில் மண்டபத்தையும், அதன் முகப்பில் காட்டன் பெயருடைய முதலெழுத்துகளும் அவர் நண்பர் ஐஸக் வால்ட்டன் பெயருடைய முதலெழுத்துகளும் பின்னிக் கிடப்பதையும் பற்றி எழுதாத தூண்டில் ஆசிரியர் இல்லை. ஆகவே நான் எழுதவில்லை.

இலையுதிர் காலத்தில் ட்வீட் ஆற்றுக்குப் போனபோதுதான் அதுவரை கட்டிவந்த சித்தாந்தம் முழுவதும் ஆட்டங்கண்டது. அங்கே மீன் சாமன். கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறிவரும் சாமன் ஆற்றில் எதையும் உண்பதில்லை. உபவாசம் இருக்கிறவனுக்கு எந்தப் பலகாரத்தைப்பற்றிப் பொய் சொல்வது? பழைய சாமன் ஈக்களும் எந்தப் பூச்சியையும் போன்றவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தோன்றிய ஜாக் ஸ்காட் என்னும் வகையைப் பாருங்கள்: உடம்பின் பாதி மஞ்சள் பட்டு, பாதி கறுப்புப் பட்டு; நடுவில் டூக்கன் பறவையின் மார்பிறகு; மேலே வான்கோழி, மயில், பொன்ஃபெசன்ட் கொண்டை; நீல மக்காவின் இழை இரண்டு கொம்பு; பக்கத்திற்கு ஒன்றாகக் காட்டுக்கோழியின் கண்ணிறகு. இப்படி ஒரு பூச்சி பறந்து வந்தால் மனிதரே ஊரைவிட்டு ஓடுவார்கள். எதைப்போலவும் இல்லாத ஒன்றை எதென்று பொய் சொல்லுகிறோம்? பொய்யென்பதற்குப் போலி செய்யப்படும் மெய் ஒன்று வேண்டுமென்பது தர்க்கம். இங்கே அது இல்லை. ஆயினும் சாமன் கடிக்கிறது. கோபத்தால் என்பாரும், பழக்கதோஷத்தால் என்பாரும் உளர்.

அந்தக் காட்டுக்கோழி நம்முடையது. தென்னிந்திய மலைக்காடுகளில் விடியற்காலையில் கூவுகிற சாம்பற் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகு சொட்டினாற்போல் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளியே ஸ்காட்லாந்து ஈக்களுக்குக் கண்ணாயிற்று. கோழியின் கழுத்து கப்பலேறி மேற்கே போக, ட்ரவுட் மீனின் முட்டை கப்பலேறி இந்தப் பக்கம் வந்து நீலகிரியில் அவலாஞ்சிப் பொரிப்பகத்தில் குஞ்சாயிற்று என்பதும் பண்டமாற்றின் சரித்திரத்தில் சேரவேண்டியதே. இப்போது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அக்கோழிக்குக் காவல் நிற்கிறது. மேனாட்டில் கூட்டில் வளர்க்கும் காட்டுக்கோழியின் கழுத்துக்குக் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு, இறகை அவர் மேசையிலேயே மெல்ல வைத்துவிட்டேன்.

அவரே வேறொரு பொட்டலத்தை நீட்டினார். மெல்லிய பிளாஸ்டிக்கில் வெள்ளையும் கறுப்புமாக அச்சிட்டு வெட்டிய காட்டுக்கோழிக் கண்கள். உண்ணாத மீனுக்குக் காட்டுகிற, இல்லாத பூச்சியின், பொய்யான கண்ணுக்கு ஒரு பொய்க்கண்! இதற்கு விதி உண்டா, விலக்கு உண்டா என்று ஹால்ஃபோர்டிலும் தேடினேன், ஸ்கியூஸிலும் தேடினேன். இருவரும் ட்ரவுட்டோடு நின்றுவிட்டார்கள். ட்வீட்டில் சாமன் பருவம் பிப்ரவரி முதல் தேதி திறக்கிறது. பொட்டலம் பிரித்தாயிற்று; அந்தக் கண்கள் எந்தப் பசையில் ஒட்டும் என்பதே இப்போதைக்கு ஆராய்ச்சி.